பார்த்தால் புரிகிறது, போட்டால் வரவில்லை: இன்ஜினியரிங் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் எங்கள் வீட்டு மேசை மேல் ஒரு நோட்டு விரிந்து கிடந்தது. இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ். நீலத்தில் கணக்கு, கறுப்பில் விடை, பச்சையில் அடிக்கோடு, படம் எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. அறுபது கணக்குக்கு மேல் இருக்கும், ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. கொண்டு வந்த பெண் இரண்டாம் வருடம் படிக்கிறாள், கோயம்புத்தூரில் ஹாஸ்டல். அந்த நோட்டைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு நோட்டு என்னிடமும் இருந்தது, அந்த நோட்டை வைத்துப் படித்த பாடத்தில்தான் நான் அரியர் வைத்தேன்.

நான் கோத்தகிரி பக்கம். 2006-இல் சிவில் சேர்ந்து 2010-இல் முடித்தேன். இப்போது தடுப்புச் சுவர் வேலைகளில் சைட் இன்ஜினியர். சனி ஞாயிறு ஊருக்கு வருகிற பிள்ளைகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பேன். பத்து வருடமாக வருகிற முகம்தான் மாறுகிறது, தவறு மாறவில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

போனைத் தூர வை, கிளாஸ் கட் அடிக்காதே, வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள். இதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லியிருப்பார்கள், நான் அதற்குள் போகவில்லை.

போட்ட கணக்கைப் படிப்பது

இதுதான் என்னை இன்னும் கோபப்படுத்துகிற தவறு, ஏனென்றால் சோம்பேறிகள் இதைச் செய்வதில்லை. ராத்திரி பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்து உண்மையாகப் படிக்கிற பிள்ளைகள்தான் செய்கிறார்கள். புத்தகத்தில் ஏற்கெனவே போட்டிருக்கிற கணக்கை வரி வரியாகப் படிப்பது, யூடியூபில் சார் போடுவதைப் பார்த்துத் தலையாட்டுவது, அப்புறம் அதை அழகாக நோட்டில் எழுதிவைப்பது. ஒவ்வொரு வரியும் புரியும். புரிவதால் படித்துவிட்டோம் என்று தோன்றும். கேள்வித்தாளில் அந்த வரிகள் இருக்காது.

அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். "எல்லாம் புரியுது அக்கா, எக்ஸாம்லதான் வர மாட்டேங்குது." நோட்டை மூடி வைத்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். கல்லாறிலிருந்து குன்னூருக்கு ஏறுகிற மலை ரயிலுக்கு ஒரு ஃப்ரீ பாடி டயகிராம் (அதன் மேல் செயல்படுகிற விசைகளை அம்புகளாகக் காட்டுகிற படம்) போடு, சரிவு 12.5-க்கு 1, ரயில் அசையாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள் என்றேன். தினமும் வீட்டு வாசலிலிருந்து அந்த ரயிலைப் பார்த்து வளர்ந்தவள்.

சாய்வுக் கோடு போட்டாள், அதன் மேல் ஒரு கட்டம். எடைக்கு நேர் கீழே ஒரு அம்பு, சரி. அப்புறம், தளம் பொருளைத் தாங்கித் தள்ளுகிற விசையான நார்மல் ரியாக்‌ஷனுக்கு நேர் மேலே ஒரு அம்பு. பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் நோட்டின் பதினான்காம் பக்கத்தில் இதே படம் சரியாக இருக்கிறது, தளத்துக்குச் செங்குத்தாக, ஸ்கேல் வைத்துப் போட்டது. கை அதைக் காப்பி எடுத்திருக்கிறது, தலை எடுக்கவில்லை.

நான் தப்பு என்று சொல்லவில்லை. "மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு, ரெண்டும் சமம். அப்போ ரயிலைக் கீழ்ப் பக்கமா எது இழுக்குது?" என்று கேட்டேன். எதுவும் இழுக்கவில்லை என்றாள். "அப்புறம் எதுக்கு தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்து, அதில் சக்கரத்தைக் கடிக்க வைத்து ஏற்றுகிறார்கள்?" ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ரப்பரை எடுத்து அந்த ஒரு அம்பை மட்டும் அழித்தாள். சாய்த்துப் போட்டாள். எடையைச் சரிவோடு ஒன்று, சரிவுக்குச் செங்குத்தாக ஒன்று என்று பிரித்தாள். 12.5-க்கு 1 என்றால் கோணம் சுமார் 4.6 டிகிரி. எடை 1000 கிலோநியூட்டன் என்று வைத்தால் ஏறத்தாழ 80 கிலோநியூட்டன் சரிவோடு கீழே இழுக்கிறது. அவளே போட்டு அவளே எடுத்த விடை. அடுத்து அவளாகவே கேட்டாள்: "குன்னூர்ல இருந்து ஊட்டிக்குப் பல் இல்லையே அக்கா, அங்கே சரிவு எவ்வளவு?" அந்தப் பக்கம் அதிகபட்சமே 23-க்கு 1-தான் என்றேன். அதற்கும் போட்டுப் பார்த்தாள்.

இருபது நிமிடம், ஒரே ஒரு கணக்கு. அறுபது கணக்கு எழுதிய நோட்டு தராதது இதில் கிடைத்தது.

எனக்கு இதைச் சொல்ல அப்போது ஆள் இல்லை. மூன்றாம் செமஸ்டரில் பீம் (உத்தரம்) கணக்குகளை மனப்பாடமாகவே வைத்திருந்தேன், பீமை வளைக்கிற விளைவு எங்கே எவ்வளவு என்று காட்டுகிற பெண்டிங் மொமெண்ட் டயகிராமைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். எங்கள் காலத்தில் பெரிய கேள்விக்கு 16 மார்க். வந்த கேள்வியில் பீம் இடது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு கப்பிள் (திருகுகிற விசை ஜோடி) இருந்தது. நான் பார்த்த எல்லாக் கணக்கிலும் நீட்டல் வலது பக்கம்தான். அவ்வளவுதான் வித்தியாசம். நாற்பது நிமிடம் அந்த ஒரு கேள்வியோடு உட்கார்ந்திருந்தேன், ஒரு வரி நகரவில்லை. அந்த அரியர் இரண்டாம் தடவையும் போகவில்லை, ஏனென்றால் இரண்டாம் தடவையும் அதே நோட்டை எடுத்து, இன்னும் அதிக நேரம் அதே மாதிரிதான் படித்தேன். ஏழாம் செமஸ்டரில்தான் கிளியர் ஆனது. அதற்குள் கேம்பஸுக்கு வந்த கம்பெனிகள் நிலுவையில் அரியர் இருந்தால் உட்கார முடியாது என்று சொல்லிவிட்டன. என் வகுப்புத் தோழிகள் புடவை கட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்கு உள்ளே போனபோது நான் மரத்தடியில் அவர்கள் பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் சம்பளம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடம் அம்மா வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே இருந்தது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பாடப்பகுதியைக் கொடுத்து, ஒரு கூட்டத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள், இன்னொரு கூட்டத்தை ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்து சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் மேலே. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ், எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகம். "எல்லாம் புரியுது அக்கா" என்பது இதைத்தான்.

என்ன செய்வது? விடையை ஒரு தாளால் மூடுங்கள். கேள்வியை மட்டும் படித்து முதலில் படம் போடுங்கள். மாட்டிக்கொண்டால் பதினைந்து நிமிடம் மாட்டிக்கொண்டே இருங்கள், எழுந்து ஓடாதீர்கள், அந்தப் பதினைந்து நிமிடம்தான் படிப்பு. அதற்கும் வரவில்லையா, தாளை ஒரே ஒரு வரி கீழே இறக்கிப் பாருங்கள், மறுபடி மூடுங்கள். முடித்த கணக்கை அடுத்த நாள் வெறும் தாளில் ஒரு தடவை, அடுத்த வாரம் ஒரு தடவை. அதன் பிறகு கணக்கையே கொஞ்சம் மாற்றுங்கள்: லோடைத் தள்ளிவையுங்கள், நீட்டலை மறுபக்கம் போடுங்கள், சப்போர்ட்டை மாற்றுங்கள். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எங்கே மாட்டினோம் என்பதை மட்டும் ஒரு வரியில் தேதியோடு எழுதுங்கள். "நார்மலை நேர் மேலே போட்டேன்" என்று அந்தப் பெண் முதல் வரி எழுதிவிட்டுப் போனாள். பரீட்சைக்கு முந்தின இரவு புரட்ட வேண்டியது இந்த நோட்டைத்தான், கலர் பேனா நோட்டை இல்லை.

படிக்கிற மூட் வரட்டும் என்று காத்திருப்பது

ஊக்கம் தரும் வீடியோவை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, அந்தச் சூட்டில் அட்டவணை போட்டு, அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டுத் தூங்கிவிடுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆர்வம் முதலில் வரும், பிறகு படிப்பு வரும் என்று நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது மறுபக்கமாகத்தான் நடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஊட்டி முத்தோரையில் இருக்கிற ரேடியோ டெலஸ்கோப்புக்குக் கூட்டிப் போனார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970-லிருந்து வேலை செய்கிறது என்று சொன்னார்கள், எழுதிக்கொண்டோம். மலைச் சரிவில் ஏதோ பெரிய கம்பி வேலி என்று மட்டும் மனதில் நின்றது. கல்லூரியில் சர்வேயிங் பாடத்தில் அட்சரேகைக் கணக்கு நாலைந்து போட்டு முடித்த ஒரு சாயங்காலம்தான் சட்டென்று உறைத்தது. ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அந்தச் சரிவும் சுமார் 11 டிகிரி. வடக்கு தெற்காக அப்படிச் சரிந்த மலையில் வைத்தால் டெலஸ்கோப்பின் நீள அச்சு பூமி சுழல்கிற அச்சுக்கு இணையாகிவிடும், அந்த ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். அதைக் கட்டிய விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் ஆட்களும் அந்தக் கோணத்துக்காகவே மலையைத் தேடி நம்மூருக்கு வந்திருக்கிறார்கள்! அன்று ராத்திரி யாரும் சொல்லாமலே அடுத்த பாடத்தைத் திறந்தேன். ஆனால் அந்த நாலு கணக்கை அதற்கு முன்னால் விருப்பமே இல்லாமல்தான் போட்டிருந்தேன்.

ஆகவே நேரத்தையும் இடத்தையும் மட்டும் முடிவு செய்யுங்கள், மனநிலையை விட்டுவிடுங்கள். மெஸ்ஸில் சாப்பிட்டதும் எட்டிலிருந்து ஒன்பதரை, அதே மேசை, முதல் வேலை ஒரே ஒரு கணக்கு. அதோடு நிறுத்தினாலும் சரி. பெரும்பாலும் நிறுத்த மாட்டீர்கள். அம்மா இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தார், காலையில் கூடையை எடுத்து மாட்டும்போது இன்று போகலாமா என்று யோசித்து நான் பார்த்ததில்லை, காடு இறங்கிய பிறகுதான் பேச்சும் சிரிப்பும் வரும்.

இன்டர்னல் காப்பாற்றும் என்று நம்புவது

போன வருடம் ஒரு பையன், "இன்டர்னல் 36 இருக்குக்கா, இன்னும் 14 எடுத்தா பாஸ்" என்றான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் பரீட்சை 60. மொத்தத்தில் 50 வேண்டும், சரிதான். ஆனால் செமஸ்டர் பரீட்சையில் தனியாக 45 சதவீதம் எடுத்தே ஆக வேண்டும். தாள் நூறு மார்க்குக்கு, அதைத்தான் 60-ஆகக் குறைக்கிறார்கள். அதாவது அந்த நூறு மார்க் தாளில் 45. பத்து இரண்டு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்து 20 வாங்கலாம், மீதி 25 எங்கிருந்து வரும்? 13 மார்க், 15 மார்க் கேள்விகளிலிருந்துதான், அங்கேதான் நீட்டல் இடது பக்கம் வந்து நிற்கும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் விதி வேறாக இருக்கலாம், உங்கள் கல்லூரி விதிப் புத்தகத்தைச் சேர்ந்த முதல் வாரமே படித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்டடி லீவுக்குத் தள்ளுவது

மலையிலிருந்து போகிற பிள்ளைகளுக்கு இது இரட்டை ஆபத்து. பரீட்சை நவம்பர், டிசம்பரில். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே நேரம். 2009 நவம்பரில் மண் சரிந்து நீலகிரியில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள், சாலைகள் துண்டித்துப் போயின. நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன். வீட்டுக்குப் போன் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த வாரம் புத்தகத்தில் எந்த எழுத்து மண்டையில் ஏறும்? ஒரு பாடத்துக்கு ஐந்து யூனிட். மூன்றையாவது அக்டோபரிலேயே ஒரு தடவை கையால் போட்டு முடித்துவிடுங்கள். கரண்ட் போகும், பஸ் நிற்கும், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி திங்கள் காலை திரும்புகிறவர்கள், பஸ்ஸில் படிக்கலாம் என்று கனவு காணாதீர்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவில் வாந்திதான் வரும். ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்தை வீட்டில் கேட்டு வாங்குங்கள்.

இங்கிலீஷைப் பார்த்து வாயை மூடிக்கொள்வது

அரசுப் பள்ளியில் தமிழில் படித்துவிட்டு வந்தவள் நான். முதல் வருடம் வகுப்பில் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை. டெஃபனிஷனை எழுத்துக்கு எழுத்து மனப்பாடம் செய்தேன், ஒரு வார்த்தை மறந்தால் மொத்தமும் போய்விடும். முதலில் தமிழில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். ஷியர் ஃபோர்ஸ் என்றால் என்ன என்று ரூம்மேட்டுக்கு நம்ம பேச்சில் விளக்க முடிந்தால், நாலு எளிய இங்கிலீஷ் வாக்கியம் தானாக வரும். விளக்க முடியவில்லை என்றால் குறை இங்கிலீஷில் இல்லை.

டாப்பர் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது

ஒட்டாது. அவள் போடுவதைப் பார்க்காதீர்கள், நீங்கள் போடுவதை அவளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரியரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது

அடுத்த வாய்ப்பிலேயே எழுதுங்கள். ஆனால் படித்த விதத்தை மாற்றாமல் எழுதாதீர்கள்.

செமஸ்டர் முடிந்ததும் நோட்டை எடைக்குப் போடுவது

மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வும் அரசு வேலைக்கான உதவிப் பொறியாளர் தேர்வும் இதே பாடங்களைத்தான் கேட்கின்றன. வேலைக்கு வந்தாலும் விடாது. போன மழைக்கு முன்னால் மூன்று மீட்டர் சுவர் ஒன்றில், தண்ணீர் வடிகிற குழாய்களைப் பாதியாகக் குறைத்துவிடலாமா என்று கேட்டார்கள். பழைய சாயில் மெக்கானிக்ஸ் நோட்டை எடுத்து, சுவருக்குப் பின்னால் தண்ணீர் முழுதாக நின்றால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 44 கிலோநியூட்டன் தள்ளும், ஆறு மீட்டர் சுவராக இருந்தால் அது இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு என்று அங்கேயே ஒரு சிமெண்ட் பையின் மேல் போட்டுக் காட்டினேன். குழாய்கள் ஒன்றும் குறையவில்லை.