மலைத்தண்ணீரில் மீன் வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஊட்டிக்குக் குடிவந்த முதல் வருடம், மார்கழிக் கடைசியில், என் தொட்டியில் இருந்த ஒன்பது கோல்டு ஃபிஷ்களில் ஆறு ஒரே இரவில் செத்துப்போயின. அன்று காலைதான் தொட்டியைக் காலிசெய்து, கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவி, குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து நிரப்பியிருந்தேன். கோயம்புத்தூரில் போர் தண்ணீரில் வளர்த்த காலத்தில் மாதம் ஒருமுறை இப்படித்தான் செய்வேன். அங்கே மீன்கள் எப்படியோ தாங்கின. இங்கே தாங்கவில்லை.

நம் ஊரில் கிடைக்கும் மீன் வளர்ப்பு யோசனைகள் எல்லாம் கீழிருந்து வருபவை. 27, 28 டிகிரி வெயில் ஊருக்குச் சரியாக இருப்பதை 2,200 மீட்டர் உயரத்தில் அப்படியே செய்தால், பலியாவது மீன்தான்.

தொட்டியை முழுசாகக் கழுவுவதில் என்ன தப்பு? மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கிறது. ஃபில்டர் ஸ்பான்ஜிலும் கற்களிலும் ஒட்டி வாழும் பாக்டீரியா அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் கொல்லும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் பொறுத்துக்கொள்ளும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பான்ஜைக் கசக்கினால் அந்தப் பாக்டீரியா செத்துவிடும். 25 டிகிரியில் அது திரும்ப நிலைக்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். 15 டிகிரித் தண்ணீரில் இன்னும் நெடுநாள் இழுக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே ஸ்பான்ஜை அலசுங்கள். பளிச்சென்று ஆக வேண்டாம்.

புதுத்தண்ணீரைக் கையை விட்டுப் பார்த்து ஊற்றுவது இன்னொரு தவறு. குளிரில் விறைத்த கைக்கு 17 டிகிரித் தண்ணீர்கூட வெதுவெதுப்பாகத்தான் தெரியும். சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முந்தின இரவே வாளியில் பிடித்து ஆன்டி-குளோரின் விட்டு வைத்து, காலையில் வெந்நீர் கலந்து, தொட்டியின் வெப்பத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்குள் கொண்டுவந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். திடீர்க் குளிர் பட்ட மீனுக்கு இரண்டு மூன்று நாளில் வெள்ளைப்புள்ளி நோய் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, தெளிந்த தண்ணீரை நல்ல தண்ணீர் என்று நம்புவது. சோலையிலும் புல்வெளியிலும் ஊறி வரும் நம் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சோப்பு பொங்கப் பொங்க நுரைக்கிறதே, அந்த மென்மைதான் தொட்டியில் ஆபத்து. பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற, தண்ணீரின் காரத்தன்மையில், அதாவது அமிலத்தைத் தாங்கும் சுண்ணாம்புக் கையிருப்பில், ஏறத்தாழ ஏழு மில்லிகிராம் செலவாகிறது. மென்தண்ணீரில் அந்தக் கையிருப்பு சில வாரத்தில் தீர்ந்துவிடும். அப்போது தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச் 6க்கும் கீழே சரியும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அமோனியா சேரும். அமிலத் தண்ணீரில் அது நஞ்சு குறைந்த அமோனியமாக இருப்பதால் மீன் உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும். நாம் "தண்ணி பழசாகிவிட்டதே" என்று பாதியை மாற்றுவோம். பிஹெச் ஏறும். ஒரு எண் ஏறினாலே நஞ்சான அமோனியாவின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். அன்று இரவே மீன் மிதக்கும். பழி புதுத்தண்ணீர் மேல் விழும்.

இதற்கு மருந்து மலிவானது. பறவைகளுக்கு விற்கும் கணவாய் மீன் ஓட்டில் ஒரு துண்டையோ, நன்றாகக் கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடியையோ வலைப்பையில் கட்டி ஃபில்டர் பக்கம் போட்டால் மெல்லக் கரைந்து ஈடுகொடுக்கும். பவளத்துண்டு வேண்டாம்; கடல் பவளம் சட்டப்படி காக்கப்பட்ட உயிர். கப்பி, மோலி வளர்ப்பவர்களுக்குக் கிளிஞ்சல் கட்டாயம் வேண்டும், அவை கடினத் தண்ணீர் மீன்கள். பிஹெச், அமோனியா, காரத்தன்மை மூன்றும் காட்டும் டெஸ்ட் கிட்டுக்குச் செலவழிப்பது புது மீனுக்குச் செலவழிப்பதைவிட மேல்.

மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ வாங்கி வரும் மீனுக்கும் இதே கதைதான். நான்கைந்து மணி நேரம் பையில் அமோனியா சேர்ந்திருக்கும். கரியமில வாயு பிஹெச்சை இறக்கி வைத்திருக்கும். பையைத் திறந்து வைத்தபடி ஒரு மணி நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வாயு வெளியேறி, அமோனியா நஞ்சாகி, காப்பாற்ற நினைத்ததே கெடுத்துவிடும். மூடிய பையை அரைமணி மிதக்கவிட்டு, திறந்ததும் தாமதிக்காமல் மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. மலையேற ஏறப் பை உப்பிக்கொள்ளும், அதனால் கடைக்காரரிடம் ஊட்டிக்குப் போகிறது என்று சொல்லிக் காற்றைக் குறைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

ஹீட்டர் போட்டால் ஏர் பம்பை நிறுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். கடல்மட்டத்தில் 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிடித்து வைக்கும். இங்கே 6 சொச்சம்தான். ஃபைட்டர் மீனுக்காகச் சூடாக்கினால் மேற்பரப்பு அசைந்துகொண்டே இருக்க வேண்டும். ஹீட்டரும் லிட்டருக்கு ஒரு வாட் என்ற கணக்கில் வாங்கினால் உறைபனி இரவில் போதாது. இரண்டு வாட் வையுங்கள். ஹீட்டர் வேண்டாம் என்பவர்கள் கோல்டு ஃபிஷ்ஷோடு நிறுத்திக்கொள்வது நல்லது, குளிர்நாளில் தீனியைப் பாதியாக்கி. குளிரில் அதற்குச் செரிக்காது. மிஞ்சியது அழுகி மறுபடி அமோனியாதான்.

ஆடிக்காற்றில் மரம் விழுந்து கரண்ட் போனால் தொட்டியைக் கம்பளியால் சுற்றுங்கள், பேட்டரி பம்பைப் போடுங்கள், தீனி வேண்டவே வேண்டாம். மூடிய வகை ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டி, தொட்டித் தண்ணீரால் அலசிய பிறகே மறுபடி ஓடவிட வேண்டும்.