வெள்ளைப் பிரம்பு பழக்கிற வேலைக்குப் படிக்கப் போறீங்களோ? இந்தப் பிழையளை விடாதேங்கோ

விழிப்புலனற்ற ஆக்களைப் பிரம்போட தனிய நடக்கப் பழக்கிற வேலைக்கு ஓரியன்டேஷன் அண்ட் மொபிலிட்டி எண்டு பேர், அதுக்கு சேர்டிபிகேட் எடுக்கலாமோ எண்டு யாழ்ப்பாணத்திலயும் பெடியள் பெட்டையள் கேக்கினம்.

முதல் பிழை, ஒன்லைனில குட்டிக் கோர்ஸ் ஒண்டு முடிச்சிட்டு எல்லாம் சரி எண்டு நினைக்கிறது. அமெரிக்காவில ஏசிவிஆர்ஈபி எண்ட அமைப்பு இந்த வேலைக்குக் குடுக்கிற சிஓஎம்எஸ் எண்ட சேர்டிபிகேட்டுக்கு டிகிரி வேணும், அந்தத் துறைப் படிப்பு வேணும், குறைஞ்சது 350 மணித்தியாலம் மேற்பார்வையில வேலை செய்திருக்க வேணும், அதுக்குப் பிறகுதான் சோதினை. அந்த 350 மணித்தியாலத்தை இஞ்ச செய்தா எடுப்பினமோ, ஆர் மேற்பார்வை பாக்கிறது எண்டதைக் காசு கட்ட முதலே ஈமெயில் போட்டு எழுத்தில வாங்கி வையுங்கோ.

கண் தெரியாத ஆள் இதைப் படிப்பிக்கேலாது எண்டு நினைக்கிறதும் பிழை. என்ஓஎம்சி எண்டு இன்னொரு சேர்டிபிகேட் இருக்கு, அதுக்குப் படிக்கிற பார்வையுள்ள ஆக்களும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் மாசக்கணக்கா நடந்து பழகோணும், அதை எடுத்துப் படிப்பிக்கிற பார்வையில்லாத ஆக்களும் இருக்கினம். கட்டின துணியைத் தூக்கிக் களவாப் பாக்கிற ஆள் தன்னைத்தானே ஏமாத்துது, வேறென்ன.

கண் தெரியாத ஆக்களைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போறது எங்கட ஊர்ப் பாசம், ஆனா அது வழிகாட்டல் இல்லை. அவை உங்கட முழங்கைக்கு மேல பிடிச்சு அரை எட்டுப் பின்னால வருவினம், நீங்கள் திரும்பிறதும் நிக்கிறதும் அந்தக் கையாலேயே அவைக்குத் தெரியும்.

பெரிய பிழை எண்டு நான் சொல்லுவன், அமெரிக்கப் புத்தகத்தில இருக்கிற ரோட்டை அப்பிடியே இஞ்ச கொண்டு வாறது. அங்க வாகனம் வலப்பக்கம், இஞ்ச இடப்பக்கம், அப்ப ரோட்டைக் கடக்கேக்க முதல்ல எந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேக்கோணும் எண்டதே மாறிப்போகும். வலக்கால் வைக்கேக்க பிரம்பு நுனி இடப்பக்கம், இடக்கால் வைக்கேக்க வலப்பக்கம், தோள் அகலத்துக்கு, அது எங்கயும் ஒண்டுதான். ஆனா கே.கே.எஸ். ரோட்டில மூடாத கான், நடைபாதையில நிப்பாட்டின மோட்டசைக்கிள், கடைக்கு முன்னால நெத்தி மட்டத்தில நீட்டிக்கொண்டு நிக்கிற தகரம். தகரத்தைப் பிரம்பு காட்டாது, அதுக்குக் கையை முகத்துக்கு முன்னால மடிச்சு வைக்கிற பழக்கத்தைச் சேத்துச் சொல்லிக்குடுங்கோ. பழக்கிறதை வெள்ளன அமைதியான நேரத்தில தொடங்கலாம், அதோட நிப்பாட்டிப் போடாதேங்கோ, நல்லூர்த் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் போட்டா ஓட்டோச் சத்தம்கூட கேக்காது, அந்த நேரமும் அவை வெளியில போவினம்தானே.

சிஓஎம்எஸ்ஐ 5 வருஷத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்க வேணும், இடையில படிக்கிற ஒவ்வொண்டுக்கும் கடிதம் வாங்கி அண்டண்டைக்கே ஃபைலில போடுங்கோ.