சிறுகோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கிறதை வீட்டு டெலஸ்கோப்புல பதிவு பண்றது எப்படி?

சூரியனைச் சுத்துற ஒரு சிறுகோள் நமக்கும் தூரத்து நட்சத்திரம் ஒண்ணுக்கும் நடுவுல வந்தா, அந்த நட்சத்திரம் சில நொடி பொசுக்குனு காணாம போயிட்டு திரும்ப வரும், அவ்ளோதான். ஆனா அந்தச் சில நொடியை வெவ்வேற இடத்துல இருந்து பல பேர் நேரம் பிசகாம பதிவு பண்ணிட்டா அந்தக் கல்லோட சைஸ், ஷேப் ரெண்டும் கிடைச்சிடும். 2013ல காரிக்லோங்கிற சிறுகோள் மாதிரி குட்டிக் கோளுக்கு வளையம் இருக்குன்னு கண்டுபிடிச்சதே இந்த வழியிலதான்.

முதல்ல, எப்போ எங்க நடக்கப்போவுதுன்னு பாக்கணும். ஆக்கல்ட் வாட்சர்னு இலவச சாப்ட்வேர் இருக்கு, உங்க இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகையைக் குடுத்தா, நட்சத்திர வெளிச்சத்துல பூமி மேல விழுற சிறுகோளோட நிழல் உங்க பக்கத்துல போற நிகழ்வை எல்லாம் லிஸ்ட் போட்டுக் காட்டும். நிழல் பாதையோட அகலம் கிட்டத்தட்ட அந்தச் சிறுகோளோட அகலம்தான், அதனால பாதைக்கு வெளியே இருந்தா ஒண்ணும் நடக்காது. புதுசா ஆரம்பிக்கிறவங்க 9 மேக்னிட்யூடை (வெளிச்சத்தோட அளவு, எண் குறைஞ்சா பிரகாசம் கூட) விட பிரகாசமான நட்சத்திரமா, அடிவானத்துல இருந்து 30 டிகிரிக்கு மேல இருக்கிறதா, வெளிச்சம் 1 மேக்னிட்யூடுக்கு மேல குறையுறதா பாத்து எடுங்க. மங்கலானதுல மல்லுக்கட்டுறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

அடுத்து நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிறது. நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான், சிறுகோள் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது, நட்சத்திரத்தை மட்டும்தான் பாக்கப்போறோம், அது தப்பான நட்சத்திரமா இருந்தா மொத்த ராத்திரியும் வேஸ்ட். அதனால முந்தின நாளே ஒத்திகை பாத்துடுங்க. நட்சத்திரம் தினமும் சுமார் 4 நிமிஷம் முன்னாடியே அதே இடத்துக்கு வந்துடும், அப்போ முந்தின ராத்திரி நிகழ்வு நேரத்துக்கு 4 நிமிஷம் கழிச்சுப் பாத்தா அச்சு அசல் அதே இடத்துல இருக்கும். டெலஸ்கோப்புக்கு மோட்டார் இல்லாதவங்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப உதவும்.

இப்போ முக்கியமான மேட்டர், நேரம். ஒரு உதாரணத்துக்கு 60 கிமீ சிறுகோள், நிழல் நொடிக்கு 15 கிமீ வேகத்துல போவுதுன்னு வைங்க, நடுப்பாதையில இருக்கிறவங்களுக்கே 4 நொடிதான் மறையும். உங்க கடிகாரம் அரை நொடி தப்பினா 7 கிமீக்கு மேல தப்பு! கண்ணால பாத்து பட்டன் அமுக்கினா கை எப்பவுமே கொஞ்சம் லேட்டாதான் அமுக்கும், அதனால வீடியோ எடுக்கிறதுதான் நல்லது, ஒவ்வொரு பிரேம்லயும் ஜிபிஎஸ் நேரம் பதிஞ்சா இன்னும் பெஸ்ட். நேரம் எல்லாமே யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துல இருக்கட்டும். நிகழ்வுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி ரெக்கார்டிங் ஆரம்பிச்சு, முடிஞ்சப்புறமும் ரெண்டு நிமிஷம் ஓட விடுங்க, ஏன்னா சிறுகோளுக்குத் துணைக்கோள் இருந்தா தனியா இன்னொரு குட்டி மறைப்பு வரலாம்.

வீடியோவை டாங்ரா இல்லாட்டி பைமூவிங்கிற சாப்ட்வேர்ல போட்டா நட்சத்திரத்தோட வெளிச்சம் கிராஃபா வரும். பக்கத்துல இருக்கிற இன்னொரு நட்சத்திரத்தையும் சேத்து அளந்துக்கோங்க, ரெண்டுமே ஒண்ணா மங்கினா அது மேகம், சிறுகோள் இல்ல.

கடைசியா, இந்த மாதிரி மறைப்பு நேரங்களைச் சேகரிக்கிற சர்வதேச அமைப்பான ஐஓடிஏவுக்கு ரிப்போர்ட் அனுப்பணும். மறையவே இல்லைன்னாலும் அனுப்புங்க, சிறுகோளோட விளிம்பு உங்களைத் தாண்டி வரலைன்னு அதுலதான் தெரியும். ஆனா மேகத்தால பாக்க முடியாம போனதை மட்டும் "மறையல"ன்னு எழுதிடாதீங்க, அது ஷேப்பையே தப்பா மாத்திடும்.