ஈபே ஏலத்தில் விற்ற பணத்துக்கு பிரிட்டனில் வரிக் கணக்கு போடுவது எப்படி?

பிரிட்டனில் இருந்துகொண்டு ஈபே மாதிரித் தளங்களில் ஏலத்துக்கு விடுகிறவர்களுக்கான வழிமுறை இது. எண்கள் எல்லாம் 2025-26 வரி ஆண்டுக்கானவை, அதாவது 2025 ஏப்ரல் 6 முதல் 2026 ஏப்ரல் 5 வரை. ஸ்காட்லாந்தில் வசிப்பவர்களுக்கு வருமான வரி விகிதங்கள் வேறு. மற்ற படிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

படி 1: வீட்டுச் சாமானா, வியாபாரமா?

பரணில் கிடந்த தையல் மெஷின், பிள்ளைக்குச் சின்னதாகிப்போன உடுப்பு, படித்து முடித்த புத்தகம் இவற்றை விற்றால் வருமான வரி கிடையாது. ஒரே வருடத்தில் ஐம்பது சாமான் விற்றாலும் கிடையாது.

விற்பதற்கென்றே வாங்கினால் கதை மாறும். கார் பூட் சேலில் (காரின் டிக்கியில் பழைய சாமான் வைத்து விற்கும் சந்தையில்) பழைய கேமரா வாங்கிப் பழுது பார்த்து ஏலம் விடுவது, மொத்தமாக வாங்கிப் பிரித்து விற்பது, கையால் செய்த பொருளை மாதாமாதம் விற்பது எல்லாமே வியாபாரம்தான். வாங்கிய நோக்கம், எத்தனை முறை விற்றீர்கள், வாங்கி எத்தனை நாளில் விற்றீர்கள் என்று எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித்துறை) பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கும். இரண்டையும் ஒரே ஈபே கணக்கில் கலந்து விற்பதுதான் பெரிய தலைவலி. பிறகு எது சொந்தச் சாமான் என்று காட்ட முடியாமல் போகும். வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள்.

நகை போன்ற விலை உயர்ந்த சொந்தப் பொருளுக்குத் தனி விதி. சொந்த நகை ஒன்று 6,000 பவுண்டுக்கு மேல் விலைபோனால் மூலதன ஆதாய வரியை (சொத்தை விற்றுக் கிடைத்த லாபத்துக்கான வரி) பார்க்க வேண்டும். அம்மா காலமானபின் உங்களுக்கு வந்த அட்டிகை என்றால், அவர் இறந்த நாளில் அதற்கு இருந்த மதிப்புதான் உங்கள் வாங்கிய விலை. அந்த ஆண்டின் எல்லா ஆதாயமும் சேர்த்து 3,000 பவுண்டு வரை வரி இல்லை. அட்டிகையையும் தோட்டையும் ஒரே செட்டாக ஒருவருக்கே தனித்தனி ஏலத்தில் விற்றாலும், 6,000 வரம்புக்கு ஒன்றாகத்தான் எண்ணுவார்கள்.

படி 2: 1,000 பவுண்டு வரம்பு

வியாபாரம் என்று தெரிந்தபின், ஆண்டின் மொத்த விற்பனையைக் கூட்டுங்கள். அதிகம் பேர் தவறுவது இங்கேதான். 1,000 பவுண்டு என்பது லாபம் அல்ல, விற்பனை. வாங்குபவர் கொடுத்த தபால் காசும் அதில் சேரும். தளம் பிடித்த கட்டணத்தைக் கழிக்கக் கூடாது. திரும்பக் கொடுத்த பணத்தை மட்டும் கழிக்கலாம்.

இந்த வரம்பு தளத்துக்கு ஒன்று என்றும் இல்லை. ஈபே, வின்டெட், எட்ஸி எல்லாம் சேர்த்து ஒன்றுதான். வார இறுதியில் டியூஷன் எடுத்து 600 பவுண்டு வந்திருந்தால் அதுவும் இதற்குள்தான். ஏல விற்பனைக்கு மிஞ்சுவது 400.

மொத்தம் 1,000 அல்லது அதற்குக் குறைவு என்றால் பொதுவாக யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தாண்டினால் படி 3.

தளத்திலிருந்து வரும் அறிக்கையைப் பார்த்துப் பதற வேண்டாம். 2024 முதல், ஒரு காலண்டர் ஆண்டில் 30 விற்பனையோ 2,000 யூரோவோ (சுமார் 1,700 பவுண்டு) தொட்டவர்களின் விவரத்தைத் தளங்கள் எச்எம்ஆர்சிக்கு அனுப்புகின்றன. அது தகவல் அனுப்பும் வரம்பு, வரி வரம்பு இல்லை. அந்தத் தொகையை அப்படியே படிவத்தில் எழுதவும் கூடாது: அது ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு, கட்டணம் போன பிறகான தொகை. மாதாந்திர விற்பனை அறிக்கைகளை இறக்கி, ஏப்ரல் 6 முதல் நீங்களே கூட்டுங்கள்.

படி 3: கணக்கேடு

ஒரு எக்செல் தாள் போதும். விற்ற தேதி, பொருள், ஏல விலை, தபால் வரவு, தளக் கட்டணம், தபால் செலவு, பொதிச் செலவு, வாங்கிய தேதியும் விலையும். கார் பூட் சேலில் ரசீது கிடைக்காது. அன்றைக்கே இடம், தொகை, பொருளின் படம் மூன்றையும் பதிந்து வையுங்கள். சொந்தக் காரில் சரக்கு வாங்கப் போனால் மைலுக்கு 45 பென்ஸ் எழுதலாம் (முதல் 10,000 மைல் வரை). ரொக்க அடிப்படைக் கணக்கில் (பணம் வந்த நாளிலும் போன நாளிலும் எழுதும் முறையில்), பணம் கொடுத்து வாங்கிய சரக்கு விற்காமல் கிடந்தாலும் அந்த ஆண்டிலேயே செலவு.

படி 4: செலவா, 1,000 பவுண்டு கழிவா?

உண்மையான செலவைக் கழிக்கலாம், அல்லது அதற்குப் பதில் மொத்தமாக 1,000 பவுண்டைக் கழிக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம். கேமரா வியாபாரத்தில் விற்பனை 2,400 என்று வையுங்கள். சரக்கு 900, கட்டணம் 290, தபால் 310, பொதி 60. செலவு மொத்தம் 1,560, லாபம் 840. கழிவை எடுத்தால் வரிக்குரிய தொகை 1,400 ஆகிவிடும். வேலையில் சம்பளம் வாங்கி 20 சதவீத வரி கட்டுபவருக்கு இது 168 பவுண்டா 280 பவுண்டா என்ற கேள்வி. செலவு 1,000க்குக் கீழே என்றால் கழிவே லாபம். நஷ்டம் காட்ட வேண்டுமானால் கழிவை எடுக்கவே கூடாது.

படி 5: பதிவும் படிவமும்

வரம்பைத் தாண்டியவர்கள் 2026 அக்டோபர் 5க்குள் செல்ஃப் அசெஸ்மென்ட்டுக்கு (நாமே வரிக் கணக்கு தாக்கல் செய்யும் முறை) பதிய வேண்டும். யூடிஆர் என்ற உங்களுக்கான பத்து இலக்க வரி எண் தபாலில் வரும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் கோடையிலேயே பதிவது நல்லது. படிவத்தில் சம்பள விவரத்தோடு சுயதொழில் பக்கத்தையும் நிரப்புங்கள். சுயதொழில் லாபம் 12,570 பவுண்டைத் தாண்டாதவரை நான்காம் வகுப்பு தேசியக் காப்பீடு (சுயதொழில் லாபத்துக்குக் கட்டும் பங்களிப்பு) இல்லை.

ஆன்லைனில் தாக்கல் செய்யவும் பணம் கட்டவும் கடைசி நாள் 2027 ஜனவரி 31. ஒரு நாள் தாமதித்தாலும், வரியே இல்லாவிட்டாலும், 100 பவுண்டு அபராதம். சம்பளக்காரர்கள் 2026 டிசம்பர் 30க்குள் தாக்கல் செய்து, பாக்கி 3,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால், அதைச் சம்பளத்திலேயே சிறுகச் சிறுகப் பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இந்த ஆண்டின் தாளையும் ரசீதுகளையும் 2032 ஜனவரி 31 வரை வைத்திருக்க வேண்டும். பழைய விற்பனை விவரங்களைத் தளம் அவ்வளவு காலம் காட்டும் என்று நம்பாமல், மாதக் கடைசியிலேயே இறக்கிச் சேமித்துவிடுங்கள்.