சின்ன உளுவைக்குச் சின்னத் தொட்டி போதாது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரல் நீளம்கூட இல்லாத மீனுக்குப் பெரிய தொட்டி எதற்கு என்று நினைப்பதில்தான் பலருக்கும் சறுக்கல் தொடங்குகிறது. கோபி என்ற பெயரில் விற்கப்படும் உளுவைகள் தரைவாசிகள். பல இனங்களில் காற்றுப்பை சுருங்கியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. இடுப்புத் துடுப்புகள் இரண்டும் இணைந்து கிண்ணம்போல் ஆகியிருப்பதால் அலை மோதும் கரையிலும் கல்லைப் பற்றிக்கொண்டு நிற்கும். இந்த மீனுக்குத் தொட்டியின் உயரத்தால் பயனில்லை, தரைப்பரப்புதான் வீடு. ஆண் மீன்கள் எல்லை வகுத்துக்கொண்டு சண்டையிடும். ஆகவே அகலமான தொட்டி, மென்மையான மணல், மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலான ஒளிவிடங்கள் ஆகிய மூன்றும் வேண்டும். கூர்மையான சரளைக்கல்லைப் பரப்பினால் மணலில் புதைந்து பழகிய மீனின் வயிறு சிராய்ந்துபோகும்.

அடுத்தது உப்பு. இதில்தான் அதிக மீன்கள் வீணாகச் சாகின்றன என்பது என் எண்ணம். கடல்நீரின் ஒப்படர்த்தி, அதாவது நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, ஏறத்தாழ 1.025. கழிமுகத்து இனங்கள் பலவற்றுக்கு அதைவிட மிகக் குறைந்த உப்பே போதும். வாங்கும் மீன் எந்த நீரைச் சேர்ந்தது என்று கேட்காமல் வாங்கவே கூடாது. சமையல் உப்பைக் கரைத்துச் சமாளிக்க முடியாது. கடல்நீரில் உள்ள மற்றத் தாதுக்கள் அதில் இல்லை. மீன் தொட்டிக்கென விற்கும் கடல் உப்பையே வாங்கி, ஒப்படர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரால் அளந்து கலக்க வேண்டும்.

நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். நீர் ஆவியாகிக் குறைந்தபோதெல்லாம் உப்புநீரையே ஊற்றிவந்தேன். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. மீன்கள் சோர்ந்த பிறகே அளந்து பார்த்தேன். குறைந்த நீரைக் குளோரின் நீக்கிய நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். நீரை மாற்றும்போது மட்டுமே உப்பு கலந்த நீர்.

புதிய தொட்டியில் அன்றே மீனை விடாதீர்கள். மீன் கழிவில் உண்டாகும் அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருகச் சில வாரங்கள் ஆகும். கடல்நீரின் காரத்தன்மையில் அமோனியாவின் நஞ்சு இன்னும் கடுமையாகும்.

குளிர்ந்த கடற்கரைகளைச் சேர்ந்த உளுவைக்கு ஹீட்டர் வைப்பதும் தவறு. சூடேறிய நீரில் ஆக்சிஜன் குறையும். மீன் வேகமாக மூச்சிரைக்கும்.

மிதக்கும் செதில் தீவனத்தைத் தூவிவிட்டு, மீன் சாப்பிடவில்லை என்று வருந்துவோர் பலர். மேற்பரப்புக்கு வந்து உண்பது அதன் பழக்கமல்ல. சின்ன இறால் வகைகளையும் புழுக்களையும் வேட்டையாடி வாழும் மீன் அது. உயிருள்ள அல்லது உறைய வைத்த ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலைப் பிப்பெட் எனும் உறிஞ்சுகுழாயால் அதன் முகத்தருகே விட்டுப் பாருங்கள். சுறுசுறுப்பான மீன்களோடு சேர்த்து வளர்த்தால் அந்த உணவும் இதற்குக் கிடைக்காது.

மூடி இல்லாத தொட்டி வேண்டாம். குழாய் நுழையும் சிறு இடுக்கு வழியாகக்கூடத் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

சுத்தம் செய்யும்போது சிப்பி ஓடுகளைப் புரட்டாதீர்கள். மணல் உளுவையின் ஆண், கவிழ்ந்த சிப்பியின் அடியில் மணலைத் தோண்டி மேலேயும் மணலைக் குவித்துக் கூடு அமைக்கும். பெண் அதன் உட்கூரையில் முட்டைகளை ஒட்டிவிட்டுப் போய்விடும். பிறகு இரவும் பகலும் துடுப்பால் விசிறி, குஞ்சு பொரியும்வரை காப்பது தந்தைதான். வாசலில் தலை மட்டும் தெரிந்தால், அந்த மூலையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.