டேவர்னை மதுக்கடை என்று எழுதலாமா?

ஆரம்பகால அமெரிக்காவைப் பற்றித் தமிழில் எழுதும்போது ‘டேவர்ன்’ என்பதை மதுக்கடை என்று பெயர்த்துவிடுகிறோம். முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. ரம்மும் ஆப்பிள் சைடரும் அங்கே தாராளமாக ஓடின, உண்மைதான். ஆனால் அதை நடத்தியவர் வழிப்போக்கருக்குச் சாப்பாடும் படுக்கையும், குதிரைக்குத் தீனியும் தர வேண்டும். விடுதி வைத்துக்கொள்ளாத ஊருக்கே அபராதம் என்று 1656-இல் மாசசூசெட்ஸ் சட்டம் போட்டது. மதுக்கடை இல்லை என்பதற்காக யாராவது ஊருக்கு அபராதம் போடுவார்களா?

தபால், ஏலம், ஊர்க்கூட்டம் எல்லாம் அங்கேதான். 1769-இல் வர்ஜீனியாவின் சட்டசபையை ஆளுநர் கலைத்ததும் அதன் உறுப்பினர்கள் நேராக வில்லியம்ஸ்பர்க் ராலி டேவர்னுக்குப் போய், பிரிட்டிஷ் சரக்குகளைப் புறக்கணிக்க ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்.

அதற்காக வசதியான ஓட்டலாகவும் நினைத்துவிட வேண்டாம். முன்பின் தெரியாதவருடன் ஒரே கட்டிலில் படுப்பது சாதாரணம். 1776-இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் ஜான் ஆடம்ஸும் இடமில்லாமல் ஒரே படுக்கையில் படுத்து, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று வாதாடியிருக்கிறார்கள்.

சரி, பெயர்ப்பலகைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பலகையில் சிங்கமும் குதிரையும் சூரியனும் இருப்பதைப் பார்த்து, ‘அந்தக் காலத்து மக்களுக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் படம்’ என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்களில் பெரும்பாலோர் எழுத்தறிந்தவர்கள். குதிரையில் வருபவரின் கண்ணில் தூரத்திலேயே படுவது எழுத்தல்ல, உருவம். பலகை வைப்பது விடுதிக்காரரின் ஆசை மட்டுமல்ல, கடமையும்கூட: வழிப்போக்கர் பார்வையில் படும்படி பலகை மாட்டச் சொல்லி 1672-இல் கனெக்டிகட் சட்டம் போட்டது.

பலகையில் உள்ள ஆண்டை அப்படியே நம்புவதும் தவறு. நல்ல மரப்பலகையை யாரும் தூக்கி எறியவில்லை. உரிமையாளர் மாறினால் பெயர் மாறும். காலம் மாறினால் படமும் மாறும். விடுதலைக்குப் பின் கழுகும் வாஷிங்டனும் பலகையேறின. கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபோர்டு நகரில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட பலகைகள் 60-க்கும் மேல் இருக்கின்றன. சிலவற்றில் பழைய வண்ணத்தின் மேல் புது வண்ணம் அடுக்கடுக்காக இருக்கிறது.

அப்புறம், ‘எல்லோரும் சமமாகக் கூடிய இடம்’ என்று எழுதுவது. அடிமைகளுக்கும் பணியாட்களுக்கும் எசமானர் அனுமதியின்றி மது ஊற்றக்கூடாது என்று பல காலனிகளில் சட்டமே இருந்தது. அதே சமயம், உரிமம் பெற்று டேவர்ன் நடத்திய பெண்கள் பலர், குறிப்பாக விதவைகள். இந்த இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.