கரிசலில் வெடித்த முன்தளமும் சுண்ணாம்பும்

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டு முன்தளம் ஐப்பசி மழையில் எழும்பும், கோடையில் வெடிக்கும். அடியில் கரிசல். அதிலுள்ள களிமண் ஈரம் பட்டால் உப்பி, காய்ந்தால் சுருங்கும். மேலே கான்கிரீட்டைத் தடிமனாக்குவது வீண்செலவு.

முதலில் ஒரு சோதனை. சலித்த உலர்மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுச் சாடிகளில் போட்டு, ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் வைத்தோம். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. தண்ணீரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நின்றது!

தளத்தை உடைத்து, 30 செ.மீ. மண்ணைத் தோண்டிக் கட்டிகளை நொறுக்கினோம். இதுதான் முதுகு ஒடிக்கிற வேலை; கட்டி மிஞ்சினால் சுண்ணாம்பு உள்ளே போகாது. உலர்மண் எடையில் 5% நீற்றிய சுண்ணாம்புத் தூள் கலந்து, ஈரமாக்கி, தார்ப்பாய் மூடி ஒரு நாள் விட்டோம். மறுநாள் பிசுபிசுப்பு போய் மண் பொலபொலவென்று ஆகிவிட்டது. சுண்ணாம்பின் கால்சியம் களித்துகள்களைச் சேர்த்துத் திரட்டுவதால் வரும் மாற்றம் இது. பலம் கூடுவது அப்புறம், மெதுவாக.

மறுபடி கலந்து, 15 செ.மீ. அடுக்குகளாகத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, ஒரு வாரம் ஈரம் காத்தோம். கையுறை, கண்ணாடி கட்டாயம். சுண்ணாம்பு தோலை அரிக்கும். மண்ணில் ஜிப்சம் அதிகமென்றால் இந்த வழி வேண்டாம், வீக்கம் கூடும். கூரைத் தண்ணீரையும் குழாய் வைத்துத் தள்ளி விட்டோம். அடுத்த மழைக்குத் தளம் அசையவில்லை.